ஆள்காட்டி முட்டையின் கனஅளவு

"ணா, ஒரு முட்டைய ஒடைக்காம, தண்ணில முக்காம, உள்ள எவ்ளோ எடம் கீதுன்னு கணக்கு போட முடியுமா?"

என் தங்கை இதைக் கேட்டபோது நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வினாத்தாள் எழுதிக்கொண்டிருந்தேன். திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் நான் கணக்கு ஆசிரியர். அவள் விலங்கியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்; நாங்கள் படித்து முடிப்பதற்குள் போய்விட்டார். அதன் பிறகு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் அம்மா, நான், அவள் என்று மூன்று பேர்தான். அம்மா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்கு அயர்ன் போடுகிறவர். எங்கள் பிளாக்கில் பிஎச்.டி. வரைக்கும் போன முதல் பெண் என் தங்கைதான். "உங்க பொண்ணு இன்னா படிக்குது?" என்று யாராவது கேட்டால் அம்மா, "அது பெரிய படிப்பு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். குருவி முட்டையைப் பற்றிப் படிக்கிறாள் என்று சொல்ல அவருக்குக் கூச்சம்.

அவள் எடுத்துக்கொண்டது ஆள்காட்டிக் குருவி. அது மரத்தில் கூடு கட்டாது. வெட்டவெளியில், ஜல்லிக்கும் கூழாங்கல்லுக்கும் நடுவே லேசாகக் குழி செய்து முட்டையிடும். மண்நிறத்தில் கறுப்புத் திட்டுத் திட்டாக இருக்கும் அந்த முட்டையைப் பக்கத்தில் நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது. மிதித்துவிடுவோம். யாராவது நெருங்கினால் தாயும் தந்தையும் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தி, வந்த ஆளை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். எண்ணூர்ப் பக்கம் அதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. கன்டெய்னர் யார்டுகளின் ஓரம், உப்பளத்து வரப்புகள், வள்ளூர் அனல்மின் நிலையத்தின் சாம்பலைக் கொட்டிக் காய்ந்த வெளிகள் எல்லாம் அதன் வீடுதான்.

அவளுடைய கேள்வி எளிமையானது. சாம்பல் வெளியில் இடப்படும் முட்டைகள், தள்ளி இருக்கும் உப்பளத்தில் இடப்படும் முட்டைகளைவிடச் சிறியவையா?

"எட போட்டு பாத்துட வேண்டியதுதானே?" என்றேன்.

"எட ஏமாத்திடும்ணா. குஞ்சு உள்ள வளர வளர முட்ட மூச்சு வுடும். ஓட்டு வழியா ஈரம் வெளில போய்கினே இருக்கும். நேத்து வெச்ச முட்டயும், பொரிக்கப்போற முட்டயும் ஒரே எட இருக்காது. ஆனா ஓடு சுருங்காது இல்ல? அதனால கனஅளவுதான் நெசம்."

தண்ணீரில் முக்கி அளக்கலாம். ஆனால் உயிருள்ள முட்டையை முக்கக்கூடாது என்பது அவளுடைய கைடு மேடம் போட்ட கட்டளை. நீளம், அகலம், ஒரு புகைப்படம், இவ்வளவுதான் எடுக்கலாம். தாய்க்குருவி ரொம்ப நேரம் விலகியிருந்தால் வெயிலிலேயே முட்டை வெந்துவிடும்.

எனக்கு அது பிடித்த வேலையாகப் போயிற்று. வகுப்பில் வருஷா வருஷம் நடத்துகிற பாடம்தான்: ஒரு வளைகோட்டை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் கிடைக்கும் திண்மப் பொருளின் கனஅளவு. முட்டையை நீளவாக்கில் படுக்கவைத்து, வெள்ளரிக்காய் அரிவதுபோல மெல்லிய வில்லைகளாக நறுக்கியதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வில்லையும் ஒரு வட்டம். எல்லா வில்லைகளையும் கூட்டினால் விடை. கோழிமுட்டைக்கு நீள்வட்டத்தின் சமன்பாடு ஓரளவு பொருந்தும். ஆள்காட்டி முட்டைக்குப் பொருந்தவே பொருந்தாது. அது பம்பரம்போல ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் கூரானது. நான்கு முட்டைகளின் கூர்முனைகளும் குழியின் நடுவில் கூடுகிறாற்போல அடுக்கிவைக்கும் பறவை அது. நீள்வட்டம் என்று எடுத்துக்கொண்டால் கூர்ப்பக்கத்தில் இல்லாத இடத்தையும் இருப்பதாகக் கணக்கு காட்டும்.

அதனால் நீள்வட்டச் சமன்பாட்டை இன்னொரு கோவையால் பெருக்கி, ஒரு பக்கத்தைக் கூராக்கினேன். அவள் எடுத்த படங்களில் முட்டையின் விளிம்பெங்கும் புள்ளிகள் குறித்து, அந்தப் புள்ளிகளோடு வளைகோடு ஒட்டிப்போகிறதா என்று பார்த்தோம். கடைசியில் மிஞ்சியது ஒரு சின்னச் சூத்திரம். நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதை ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அரையைவிடக் கொஞ்சம் குறைவான அந்த ஓர் எண்ணுக்காகத்தான் அத்தனை பாடும்.

சரிபார்க்க வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து கோழிமுட்டை, காடை முட்டை எல்லாம் வாங்கிவந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தோம். டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, முட்டையை இறக்கி, வழிந்த தண்ணீரைத் தட்டில் பிடித்து அளவு ஜாடியில் ஊற்றினோம். பொரிக்காமல் பெற்றோர் கைவிட்டுப் போன ஓர் ஆள்காட்டிக் கூமுட்டையையும் அவள் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அது தண்ணீரில் மூழ்காமல் மிதந்தது. ஊசி முனையால் அழுத்திப் பிடித்து அளந்தோம்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் எவ்ளோ படிச்சி, கடசில முட்டைய குளிப்பாட்டிகினு கீறீங்க."

"ம்மா, இது ஆராய்ச்சி."

"ஆராய்ச்சி முடிஞ்சா அந்த முட்டைய இப்டி குடு. ஆம்ப்ளேட் போடணும்."

ஒவ்வொரு முட்டையின் வடிவத்துக்கும் ஏற்ற எண்ணைப் போட்டுப் பார்த்தபோது, சூத்திரம் சொன்னதும் ஜாடி சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. தங்கை ஈரக் கையோடு என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அன்றைக்கு எங்களுக்கு முட்டை திகட்டிப்போகும் அளவுக்கு அம்மா ஆம்லெட் போட்டார்.

முட்டையிடும் முதல் பருவத்தின் அளவுகளைக் கணக்கிட்டபோது சாம்பல் வெளியின் முட்டைகள் கொஞ்சம் சிறியவையாகத் தெரிந்தன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாணா? நான் சொன்னேன் இல்ல? அந்த சாம்பல்ல பூச்சி இல்ல, புழு இல்ல. தாய்க்கு துன்ன இல்லன்னா முட்ட எப்டி பெருசா வரும்?" என்றாள். எண்ணிக்கை போதாது, இன்னொரு பருவம் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றேன். பார்க்கலாம் என்றாள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

இரண்டாவது பருவத்தின் நடுவே, ஒரு ஏப்ரல் மாதக் காலையில், எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு டிரெய்லர் லாரி திரும்பும்போது அவளுடைய ஸ்கூட்டர் அதன் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டது. கன்டெய்னர் ஏற்றிப் போகிற அந்த லாரிகள் திரும்பும்போது முன்பகுதி ஒரு பக்கமும் பின்பகுதி ஒரு பக்கமும் போகும். பக்கத்தில் வருகிறவர்களை ஓட்டுநரால் பார்க்க முடியாது. எங்கள் பகுதியில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். அவளுக்கும் தெரியும்.

நான் அப்போது பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். அங்கே கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது மேசை மேல் அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. பிறகு அலுவலர் ஒருவர் உள்ளே வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையில் இருந்த விடைத்தாளில் மாணவன் ஒருவன் பாதிவரை சரியாகப் போட்டிருந்தான். அந்தப் பக்கத்தின் மேல் சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு எழுந்தது நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் அழவில்லை. வீட்டில் புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியபோதும் அழவில்லை. போலீஸ்காரர் அவளுடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தபோது, அதைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். தொப்பி, தண்ணீர் பாட்டில், காலையில் அவரே கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம், முட்டையை அளக்கிற வெர்னியர் கருவி. டிபன் டப்பாவின் மூடிகூடத் திறந்துகொள்ளவில்லை.

"சோறு அப்டியே கீதுடா நைனா," என்றார். அதற்குப் பிறகு அவரை யாராலும் தேற்ற முடியவில்லை.

அம்மாவின் கோபம் லாரி மேல் இருந்ததைவிட முட்டை மேல் அதிகமாக இருந்தது. "அந்த எழவெடுத்த முட்டைய அளக்க போகாட்டி அவ ஏன்டா அந்த ரோட்டுக்கு போறா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் முட்டை வாங்கவில்லை.

சில வாரங்கள் கழித்து கைடு மேடம் வீட்டுக்கு வந்தார். நெடுநேரம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது படிக்கட்டில் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பட்டம் இனிமே கெடைக்காது சார். ஆனா அவ பண்ணின வேலைய ஒரு ஆய்வுக் கட்டுரையா போடலாம். அவ பேர்தான் முதல்ல வரும். இந்தப் பருவத்துக் கூடுகள் பாதிதான் அளந்திருக்கா. மீதிய வேற மாணவர்கள வெச்சு அளந்திடறேன். கணக்கு மட்டும் நீங்க..."

"அளக்கறதயும் நானே செய்றேன் மேடம்," என்றேன்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வனத்துறையில் வாங்கியிருந்த அனுமதியில் உதவியாளராக என் பெயரைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். கோடை விடுமுறை முடியாமல் இருந்தது. அம்மாவிடம் சொன்னபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "அந்த ரோட்டுல போவாத" என்று மட்டும் சொன்னார். நான் ரயிலில் போனேன்.

சாம்பல் வெளியில் எனக்கு வழிகாட்டியவர் நெட்டுக்குப்பத்தைச் சேர்ந்த ஓர் அக்கா. கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறவர். தண்ணீரில் சாம்பல் இறங்கி இறால் குறைந்த பிறகு கிடைத்த வேலைக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார். தங்கை இரண்டு பருவமும் அவரைத்தான் துணைக்கு அழைத்துப் போயிருக்கிறாள். ரயிலடியில் என்னைப் பார்த்ததும், நான் யார் என்று சொல்வதற்கு முன்பே, "அதே மூஞ்சி" என்றார்.

நடந்துபோகும்போது அவர் பேசிக்கொண்டே வந்தார்.

"உன் தங்கச்சி மொதோ நாளு இங்க வந்துச்சே, சாம்பல் காஞ்சி கீதுன்னு நெனச்சி கால வெச்சிடிச்சி. மேலதான் தம்பி காஞ்சி கீது. உள்ள அல்லாம் சேறு. முட்டி வரிக்கும் போயிடிச்சி. இழுத்துப் போட்டேன். செருப்பு உள்ளயே நின்னுடிச்சி. அத்த பாத்து அது சிரிச்சிகினே கீது. நானு திட்டிகினே கீறேன்."

"எங்ககிட்ட சொல்லல."

"சொன்னா வுடுவீங்களா?"

கூட்டை நெருங்கியதும் இரண்டு பறவைகளும் எழுந்துவிட்டன. அந்தச் சத்தத்தைத் தங்கையின் கைப்பேசியில் கேட்டிருக்கிறேன். தலைக்கு மேலே கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. ஒன்று என் காதை உரசுவதுபோலத் தாழப் பறந்து மேலேறிக் கத்தியது. அக்கா விரலை நீட்டிக் காட்டினார். காட்டிய பிறகும் எனக்கு முட்டை தெரியவில்லை. அவர் என் முழங்கையைப் பிடித்துக் கீழே உட்காரவைத்தார். அப்போதுதான் சாம்பல்நிறத் தரையில் நான்கு முட்டைகளும், நடுவில் கூடியிருந்த அவற்றின் கூர்முனைகளும் தெரிந்தன.

எத்தனையோ ஆள்காட்டி முட்டைகளின் கனஅளவைக் கணக்கிட்டிருந்தேன். சமன்பாட்டில் அதன் ஒவ்வொரு வளைவும் எனக்குப் பழக்கம். ஒன்றைக்கூடக் கையில் எடுத்ததில்லை; அந்தக் கூமுட்டையையும் அன்று அவளேதான் பிடித்திருந்தாள். இப்போது ஒன்றைத் தூக்கி உள்ளங்கையில் வைத்தேன். அது சூடாக இருந்தது. வெயிலின் சூடு வேறு, இது வேறு. சற்று முன்வரை ஒரு தாயின் வயிற்றுக்கடியில் இருந்த சூடு. கடையில் வாங்கிப் பழகிய எனக்கு முட்டை என்றால் சில்லென்று இருக்கும் என்றே நினைப்பு. ஆஸ்பத்திரியில் கடைசியாக நான் பிடித்த கையும் சில்லென்றுதான் இருந்தது.

வெர்னியரின் கோடுகள் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

"முட்டைய கீழ வெச்சிடு தம்பி," என்றார் அக்கா மெதுவாக. "வெச்சிட்டு அந்தாண்ட வந்து அழு. குருவி பாவம், கத்திகினு கீது."

கொஞ்ச தூரம் தள்ளிப் போய் உட்கார்ந்தோம். தாய்ப்பறவை ஓடி ஓடி நின்று, பிறகு முட்டைகளின் மேல் போய் அமர்ந்தது. அக்கா என் பக்கம் பார்க்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூரத்தில் மின்நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. நான் அடங்கிய பிறகு மறுபடியும் போய் அளந்தேன். அன்று ஒரு கூட்டை மட்டுமே முடிக்க முடிந்தது. அடுத்தடுத்த நாட்களில் கை பழகிவிட்டது. சாம்பல் வெளியையும் உப்பளத்தையும் பள்ளி திறந்த பிறகு சனி, ஞாயிறுகளிலும் போய் முடித்தேன்.

கணக்கு போட உட்கார்ந்தபோது, சாம்பல் முட்டைகள் சிறியவையாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினேன். இரண்டு பருவங்களையும் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் இல்லை. இரு இடத்து முட்டைகளும் ஒரே அளவு. முதல் பருவத்தில் தெரிந்தது, எண்ணிக்கை குறைவாக இருந்ததால் வந்த மயக்கம்.

சூத்திரத்தில் பிழையோ என்று ஒவ்வொரு படத்தையும் எடுத்து, விளிம்பில் மறுபடியும் புள்ளி வைத்து, தனித்தனியாகத் தொகையிட்டுப் பார்த்தேன். ஒருவேளை சாம்பல் முட்டைகளின் வடிவம் இன்னும் கூரானதோ, அதனால் நான் அவற்றுக்குக் கூடுதலாகக் கணக்கு காட்டிவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை. என் அளவுகளை மட்டும் விலக்கிவிட்டு அவள் எடுத்தவற்றை மட்டும் வைத்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் தாள்களைப் பார்த்துவிட்டு, "வித்தியாசம் இல்லங்கறதும் ஒரு முடிவுதான் சார். அதையும் எழுதித்தான் ஆகணும்," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அவளுக்கு இது பிடிச்சிருக்காது," என்றார். இருவரும் லேசாகச் சிரித்தோம். பிறகு அவர் கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர்தான் கேட்டார். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிராமல் கேட்டார்.

"இன்னா ஆச்சி அவ கணக்கு?"

"முடிச்சிட்டேம்மா."

"அவ சொன்னா மாரி வந்துச்சா?"

"இல்லமா. ரெண்டு எடத்துலயும் முட்ட ஒரே அளவுதான்."

அம்மா மடிப்பதை நிறுத்தினார். "அப்ப அந்த சாம்பலால ஒண்ணும் இல்லியா?"

"அப்டி இல்லமா. முட்டையோட அளவுல ஒண்ணும் இல்ல. குஞ்சு பொழைக்குதா, துன்ன கெடைக்குதான்னு வேற வேற கீது. அத்தயெல்லாம் இனிமேதான் யாராவது பாக்கணும்."

"அவ பாத்திருப்பா."

"ஆமாம்மா. பாத்திருப்பா."

அவர் கையிலிருந்த துணியை மடித்து முடித்தார். பிறகு, "தாய்க்காரி எப்டியும் முட்டைய கொறைய வுடமாட்டா. அவ ஒடம்புலந்து எடுத்து குடுத்துடுவா. கொறஞ்சா அவளுக்குத்தான் கொறையும்," என்றார். அது சரியா என்று எனக்குத் தெரியாது. அம்மா அதை ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

கட்டுரை வெளிவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அச்சுக்கு முந்தைய படியைக் கைப்பேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் தன் மகளின் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியும். விரலை அதன் மேல் வைத்தார்.

"பக்கத்துல இது இன்னா, சின்னதா சிலுவ மாரி?"

"எழுதினவங்க இப்ப உயிரோட இல்லன்னா அப்டி ஒரு குறி போடுவாங்கமா."

"அத்த எடுத்துட சொல்லு."

"அதான் மொறமா."

"எடுத்துட சொல்லு நைனா. படிக்கிறவன் முட்டைய பத்தி படிக்கட்டும். அவ செத்தத இன்னாத்துக்கு படிக்கணும்?"

மேடம் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டார். பெயருக்குப் பக்கத்தில் இருந்த குறியை எடுத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி போட ஒப்புக்கொண்டார்கள். அந்த வரியை அம்மாவிடம் காட்டவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

இந்த ஆண்டு தொடக்கத்தில் மேடம் எனக்கு ஒரு மின்னஞ்சலை அனுப்பிவைத்தார். வடக்கே எங்கோ ஆற்று மணல்திட்டுகளில் பறவை முட்டைகளை அளக்கிற ஒரு மாணவி எழுதியது. கடைசிப் பக்கத்து வரியை அவள் கவனிக்கவில்லை. என் தங்கைக்கே எழுதியிருந்தாள், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டு. உங்கள் சமன்பாடு நான் அளக்கும் முட்டைக்கும் பொருந்துமா, அந்தப் பெருக்கும் எண்ணை நானே மறுபடி கண்டுபிடிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாள். கடைசியில், நேரம் இருந்தால் ஒருமுறை உங்களோடு பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தாள்.

பதில் எழுத எனக்குப் பல நாட்கள் ஆயின. கணக்கைப் பற்றிய பகுதி எளிதாக வந்துவிட்டது. முட்டையின் கூர்மை மாறினால் எண்ணும் மாறும், கைவிடப்பட்ட முட்டைகள் கிடைத்தால் தண்ணீரில் அளந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள், உயிருள்ள முட்டையை முக்காதீர்கள், வெயிலில் அதிக நேரம் வெளியே வைக்காதீர்கள் என்று எழுதினேன். மற்றதை எழுதி எழுதி அழித்தேன்.

ஒரு மாலை அம்மாவிடம் சொன்னேன்.

"உன் பொண்ணுக்கு ஒரு பொண்ணு லெட்டர் போட்டுகீதும்மா. சந்தேகம் கேட்டு."

"இன்னா சந்தேகம்?"

ஒரு தாளை எடுத்து முட்டையை வரைந்து, குறுக்கே வில்லை வில்லையாகக் கோடு போட்டு, எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா இதைக் கேட்டது அதுவே முதல் தடவை. எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. நடுவில் எழுந்து போகவில்லை.

"பதில் போட்டியா?"

"போட்டேம்மா."

"அவ இல்லன்னு எழுதினியா?"

"எழுதினேன்."

அம்மா தலையை ஆட்டினார். தாளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். குழாயைத் திறந்துவிட்டு அவர் அழும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் போகவில்லை. தண்ணீர் நிற்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.